நாகர்கோவிலிலிருந்து துபாய் எத்தனை மணி நேரம்? விமான தூரத்துக்கும் பயண நேரத்துக்கும் ஓர் எளிய கணக்கு

குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் "துபாய்க்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் ஒரே வீட்டில் மூன்று விடை வரும். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த அண்ணன் நாலு மணி நேரம் என்பார். டிக்கெட்டைப் பார்த்த தம்பி ரெண்டே முக்கால் என்பான். வேன் பிடித்து ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டு வந்த அப்பா, "அது ஒரு ராத்திரி முழுக்க ஆகும்" என்பார். மூன்றுமே சரி. ஒருவர் சொல்வது பறக்கும் நேரம், இன்னொருவர் சொல்வது இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம், மூன்றாமவர் சொல்வது வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டது. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எந்த ஊருக்கான பயணத்தையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

டிக்கெட் காட்டும் நேரம்

கணக்குக்காக ஒரு டிக்கெட். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30க்குப் புறப்பாடு, துபாயில் 7.15க்கு வருகை. கழித்தால் 2 மணி 45 நிமிடம். திரும்பி வரும்போது துபாயில் இரவு 10.30க்குப் புறப்பாடு, திருவனந்தபுரத்தில் மறுநாள் காலை 4.00க்கு வருகை. கழித்தால் 5 மணி 30 நிமிடம். போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு அதைப்போல இரு மடங்கா?

டிக்கெட்டில் அச்சாகும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்பாடு இங்குள்ள கடிகாரப்படி, வருகை அங்குள்ள கடிகாரப்படி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே 4.30 என்றால் அங்கே 3.00. மூன்றிலிருந்து ஏழேகால் வரை எண்ணினால் 4 மணி 15 நிமிடம். இதுதான் உண்மையான நேரம். திரும்பும்போது துபாயின் இரவு 10.30 நமக்கு நள்ளிரவு 12.00. அங்கிருந்து காலை நாலு வரை எண்ணினால் 4 மணி நேரம்.

நேர வித்தியாசம் மறந்துபோனாலும் ஒரு குறுக்கு வழி உண்டு. டிக்கெட்டில் தெரியும் போக, வர இரண்டு கால அளவையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2.45ம் 5.30ம் சேர்ந்து 8 மணி 15 நிமிடம். பாதி 4 மணி 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். போகும்போது குறைந்ததும் வரும்போது கூடியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுவதால், மிஞ்சுவது சராசரிப் பறப்பு நேரம் மட்டும். எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

கையில் வைத்திருக்க வேண்டிய வித்தியாசங்கள் சில: ஐக்கிய அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே. கத்தார், குவைத், பஹ்ரைன், சவூதி நான்கும் இரண்டரை மணி நேரம் பின்னே. மாலத்தீவு அரை மணி நேரம் பின்னே. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே. இலங்கைக்கு நம் நேரமேதான். இவை ஆண்டு முழுக்க மாறாது. மாறுவது பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில்தான். பிரிட்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னே. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம்தான் பின்னே. அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் தேதி வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. இதற்கு இடைப்பட்ட வாரங்களில் பயணம் செய்கிறவர்கள் போன வருடத்து நினைவை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு, விமானத்தையே விடவைக்கும் தப்பு. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருக்கும். நம் பேச்சுவழக்கில் அது 14ஆம் தேதி ராத்திரி. 15ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு போய் நின்றால், விமானம் புறப்பட்டு ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகியிருக்கும். நள்ளிரவுக்கும் காலை ஐந்துக்கும் இடையில் புறப்படும் எந்த விமானத்துக்கும், "எந்த நாள் சாயங்காலம் வீட்டைவிட்டு இறங்க வேண்டும்" என்பதைத் தனியாக எழுதிக் காலண்டரில் ஒட்டுங்கள். வருகை நேரத்தின் பக்கத்தில் "+1" என்று சின்னதாக இருந்தால் மறுநாள் போய்ச் சேரும் என்று பொருள். கூப்பிட வருகிறவருக்கு அந்தச் சின்ன எழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இத்தனை கிலோமீட்டர் என்றால் ரோடு தெரியும், ரயில் பாதை தெரியும். விமானத்துக்கு அப்படியொன்று தரையில் கிடையாது. ஆனால் இது நம் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் ஜிபிஎஸ் கருவியில் இரண்டு எண்ணை வைத்துக்கொண்டுதான் போகின்றன: அட்சரேகை, தீர்க்கரேகை. அவர்கள் சொல்லும் கடல் மைல்தான் விமானியின் மைலும். அட்சரேகையில் ஒரு பாகையை, அதாவது ஒரு டிகிரியை, அறுபது பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கடலிலும் வானத்திலும் இந்த அளவு நிலைத்ததற்குக் காரணம், வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் பாகையே அளவுகோலாகிவிடுவதுதான்.

ஒரு பாகை எத்தனை நீளம் என்று இந்தியாவில் அளந்த வரலாற்றில் குமரிக்கும் பங்குண்டு. ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவீட்டில், வடக்கு தெற்காக நீண்ட பெரும் வில்லின் தென்முனை குமரி முனை அருகே புன்னை என்று பதிவான நிலையம். அங்கிருந்து வடக்கே முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போய்த்தான், பூமி துல்லியமான பந்து அல்ல, துருவத்தில் சற்றே தட்டை என்பதை இந்த மண்ணில் வைத்துச் சரிபார்த்தார்கள். நம் கணக்குக்கு ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்பது பூமியின் வளைந்த மேற்பரப்பில் மிகக் குறுகிய கோடு. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் தானாக எந்த வழியில் அமர்கிறதோ அதுதான் பாதை. உருண்டை இல்லையென்றால் கால்பந்து போதும்.

எண்ணாகவே வேண்டுமென்றால் போனிலுள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பல போன்களில் சைன், காஸ் விசைகள் வந்துவிடும். திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.48, கிழக்கு 76.92. துபாய் வடக்கு 25.25, கிழக்கு 55.36. தீர்க்கரேகை வித்தியாசம் 21.56 பாகை. இரண்டு அட்சரேகைகளின் சைனைப் பெருக்கினால் 0.063. இரண்டு அட்சரேகைகளின் காஸையும், வித்தியாசத்தின் காஸையும் சேர்த்துப் பெருக்கினால் 0.832. இரண்டையும் கூட்டினால் 0.895. எந்தக் கோணத்தின் காஸ் 0.895 என்று தலைகீழ் காஸ் விசையில் பார்த்தால் 26.5 பாகை. அதை 111.2ஆல் பெருக்க, ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். விடை கண்டபடி வந்தால் கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருக்கிறது. அநேகமாகத் தப்பு அங்கேதான். கணக்கே வேண்டாம் என்றால் கூகுள் மேப்பில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்து, அடுத்த இடம் வரை இழுத்தால் இதே பெருவட்டத் தூரத்தைக் காட்டிவிடும்.

இணையத்தில் தேடினால் இதே தூரம் 2,950 என்றும் 1,830 என்றும் 1,590 என்றும் வரும். பயப்பட வேண்டியதில்லை. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டு நகரத்தின் நடுவிலிருந்து அளக்கும். அதில் பத்து இருபது கிலோமீட்டர் போகும்.

திருவனந்தபுரத்தை மையமாக வைத்து இதே கணக்கைப் போட்டால் மஸ்கட் 2,600, தோஹா 3,270, குவைத் 3,800, சிங்கப்பூர் 3,100 கிலோமீட்டர் என்று வருகிறது. மாலத்தீவின் மாலே 607. சென்னை 614. ஆமாம், திருவனந்தபுரம் ரன்வேயில் நின்று பார்த்தால் நம் மாநிலத் தலைநகரைவிட மாலே ஒரு பொடி பக்கம்.

தட்டை வரைபடம் செய்யும் ஏமாற்று

குமரி முனையில் தீர்க்கரேகையின் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலம். லண்டன் இருக்கும் உயரத்தில் அதே ஒரு பாகை 69 கிலோமீட்டர்தான். பலாச்சுளை மாதிரி, நடுவில் அகன்று நுனியில் கூம்பும். சுவரில் தொங்கும் வரைபடமோ இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்துவிடுகிறது. அதனால் அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வடக்கே போகப்போகப் பொய் கூடும்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வரைபடத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கோடு கிழித்தால் ஆப்பிரிக்காவைத் தாண்டி அட்லாண்டிக்கின் நடுவில் போகும். உருண்டையில் நூலை இழுத்தால் அது வடமேற்காக ஏறி, காஸ்பியன் கடல் பக்கம் கடந்து, ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 64 பாகை வடக்கு வரை உயர்ந்துவிட்டுக் கீழே இறங்கும். தூரம் ஏறத்தாழ 13,780 கிலோமீட்டர். சீட் முன்னாலுள்ள திரையில் விமானம் வில் போல வளைந்து போவதாகத் தெரிவது இதனால்தான். வளைந்திருப்பது படம்.

இதில் இன்னொரு வேடிக்கை. திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நூல் பிடித்தால் ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர். அந்த நூல் துபாயைத் தொடாது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் போகும். ஆனால் துபாயில் இறங்கி ஏறினால் மொத்தம் 2,950ம் 5,500ம் சேர்ந்து 8,450. இவ்வளவு விலகிப் போயும் கூடியது வெறும் 50 கிலோமீட்டர். இழுத்துப் பிடித்த கயிற்றின் நடுவில் ஒரு சாண் தூக்க, முனையில் விரற்கடை நெகிழ்த்தினால் போதும் அல்லவா, அதே கதை. மும்பை வழியாகப் போனாலும் கூடுவது நூறு கிலோமீட்டருக்குள்தான். டெல்லி வழியாகப் போனால் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் கூடும். நியூயார்க்குக்குக்கூட துபாய் வழி கூடுதல் 170 கிலோமீட்டர் அளவுதான். நம் பக்கத்திலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களில் பலர் வளைகுடா நாடுகள் வழியே போவது டிக்கெட் விலைக்காக மட்டுமல்ல, அந்த ஊர்கள் வழியிலேயே கிடக்கின்றன.

அப்படியென்றால் இடைநிறுத்தத்தால் எங்கே நேரம் போகிறது? தூரத்தில் அல்ல. ஒரு தடவை கூடுதலாக இறங்குவதும் ஏறுவதும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தின்னும். மீதி எல்லாம் காத்திருப்பு.

தூரத்தை நேரமாக மாற்றுவது

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் பெரும்பாலும் பறப்பவை போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகை ஒற்றை நடைபாதை விமானங்கள். இவை மேலே சீராகப் பறக்கும் வேகம் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் ஐம்பது பாகைக்கும் கீழே. அங்கே ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். ஆக விமானம் மணிக்கு 830. போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரியவை 0.84, 0.85 பங்கில் பறக்கும், மணிக்கு 900.

தூரத்தை இந்த வேகத்தால் வகுத்து, நாற்பது நிமிடம் சேருங்கள். இதுதான் முழுச் சூத்திரமும். துபாய்க்கு 2,950ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 33 நிமிடம். நாற்பது சேர்த்தால் 4 மணி 13. நாம் வைத்த டிக்கெட்டில் 4.15. சிங்கப்பூருக்கு 3 மணி 44, நாற்பது சேர்த்து 4 மணி 24. சென்னைக்கு 44 நிமிடம், நாற்பது சேர்த்து 1 மணி 24. சென்னைக் கணக்கில் பறக்கிற நேரமும் சேர்த்த நேரமும் ஏறக்குறைய சமம் என்பதைக் கவனியுங்கள். குறுகிய தூரத்துக்கு விமானம் எதிர்பார்த்த அளவு நேரத்தை மிச்சப்படுத்தாததன் ரகசியம் இந்த நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது எங்கே போகிறது? டிக்கெட்டிலுள்ள புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். வருகை நேரம் ரன்வேயைத் தொடும் நேரம் அல்ல. போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். நகர்ந்து போக, வரிசையில் நிற்க, இறங்கியபின் உருண்டு போக எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் சாதாரணம். துபாய் மாதிரி பெரிய நிலையத்தில் அதற்கு மேலும் ஆகும். மேலே ஏற இருபது இருபத்தைந்து நிமிடம், கீழே இறங்க ஏறத்தாழ அரை மணி. இந்த நேரங்களில் விமானம் முழு வேகத்தில் இராது. போதாததற்கு, எழும்பியதும் நேரே துபாயைப் பார்த்துத் திரும்பிவிட முடியாது. ரன்வே நீண்டுகிடக்கும் திசையில் எழும்பி, வரையறுத்த வழியில் திரும்பி, வான்பாதையில் சேர்ந்து, இறங்கும்போது மறுபடி வரிசையில் நின்று இறங்க வேண்டும். அதனால் பறக்கும் தூரம் நூல்பிடித்த தூரத்தைவிட எப்போதுமே சில சதவீதம் கூடுதல்.

சில சமயம் வழியையே மூடிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம்–துபாய் பாதை அரபிக்கடலின் மேலேயே போய் ஓமன் பக்கம் கரையேறுவதால் அந்த மூடலால் அவ்வளவாகத் தொல்லை இல்லை. அதே ஆண்டு ஜூனில் வளைகுடா வான்வெளியே கொஞ்ச நேரம் மூடப்பட்டபோதோ நம் பயணிகளும் மாட்டிக்கொண்டார்கள்.

காற்று

மேலே வைத்த டிக்கெட்டில் போக 4.15, வர 4.00 என்று இருந்தது. தூரம் ஒன்றுதானே, கால் மணி வித்தியாசம் எப்படி?

விமானத்தின் 830 என்பது காற்றுக்குள் அதன் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரைக்கு மேல் அதன் வேகம் மாறும். நீரோட்டத்தில் வள்ளம் ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் தரை வேகம் 770. துபாய்க்குப் பறக்கும் நேரம் 3 மணி 33இலிருந்து 3 மணி 50 ஆகும். அதே 60 பின்னாலிருந்து தள்ளினால் 890. நேரம் 3 மணி 19. எதிர்காற்றில் இழந்தது 17 நிமிடம், பின்காற்றில் கிடைத்தது 14. போக வரச் சமமாகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

குளிர்காலத்தில் வட இந்தியா, அரேபியா மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடும். தாரைக்காற்று என்று பெயர். டிசம்பர், ஜனவரியில் வளைகுடா போகிற விமானம் கடைசிப் பகுதியில் இதை எதிர்த்துப் போகிறது. ஊருக்கு வருகிற விமானத்தை அதுவே தள்ளிக்கொண்டு வருகிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது விமானம் கொஞ்சம் முன்னதாகவே வந்து இறங்கினால் அதற்குக் காரணம் பைலட்டின் அவசரமல்ல.

ஆடி மாதத்தில் நம் தலைக்கு மேலே கதை தலைகீழ். கீழே தென்மேற்குப் பருவக்காற்று குளச்சல் கரையில் கல்லைப் புரட்டி அடிக்கும்போது, அதற்கு வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் விரிவாக எழுதிய கீழைத் தாரைக்காற்று இது. அதன் உச்ச வேகம் 14 கிலோமீட்டருக்கும் மேலே, விமானங்களின் தலைக்கு மேலே இருந்தாலும், ஓரம் 11, 12 கிலோமீட்டர் வரை படும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே போகிறவர்களுக்குத் தென்னிந்தியாவிலும் அரபிக்கடலிலும் பின்காற்று கிடைக்கலாம். கீழே முகத்தில் மழையை அறையும் காற்றுக்கும் மேலே வாலைத் தள்ளும் காற்றுக்கும் திசை வேறு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

திரையில் உயரம் காட்டுவதையும் ஒரு தடவை கவனியுங்கள். வளைகுடா போகும்போது 34,000, 36,000, 38,000 அடி என்று இரட்டைப்படை ஆயிரத்திலும், திரும்பும்போது 33,000, 35,000, 37,000 என்று ஒற்றைப்படையிலும் இருக்கும். மேற்கே போகிறவர் இரட்டை, கிழக்கே வருகிறவர் ஒற்றை என்பது வானத்துச் சாலை விதி. எதிரெதிரே வரும் விமானங்களுக்கு நடுவே குறைந்தது ஆயிரம் அடி இருக்கும்படி இது பார்த்துக்கொள்கிறது.

மீதி நேரம் தரையில்தான்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சென்னை, பெங்களூர் போகத் தூத்துக்குடி வாகைக்குளம் ஒரு வழி. வெளிநாடு என்றால் பெரும்பாலோருக்குத் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். இந்த எழுபதைக் கிலோமீட்டரை வைத்து மதிப்பிட்டால் ஏமாறுவீர்கள். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் விட்டு ஊர் போகும் ரோடு. நள்ளிரவில் ஒன்றரை மணி நேரத்தில் போகும் வண்டி, மாலையில் இரண்டரையும் எடுக்கும். எல்லை தாண்டிக் காரோடு என்ற ஊரில் கழக்கூட்டம் புறவழிச்சாலையைப் பிடித்துவிட்டால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் சிக்காமல் சாக்கை வரை போய்விடலாம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாட்களில் இந்த ரோட்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

முனையத்தை முன்கூட்டியே பாருங்கள். திருவனந்தபுரத்தில் முதல் முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம், இரண்டாவது, வெளிநாட்டு முனையம், சாக்கைப் பக்கம். நடுவில் ரன்வே கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கமும் கொண்டுபோய் இறக்குவார்.

உலகில் அதிக இடங்களில் இல்லாத ஒரு தாமதமும் இங்கே உண்டு. பத்மநாபசாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலங்கள் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாளும் மாலையிலிருந்து இரவு வரை சில மணி நேரம் விமானம் எதுவும் இறங்காது, எழும்பாது. நேரங்களை முன்பே மாற்றி அறிவித்துவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும்போது கொடுத்த போன் எண் ஏஜெண்டுடையதாக இருந்தால் அந்த அறிவிப்பு உங்களுக்கு வராது.

நம் 4.30 டிக்கெட்டையே வாசலிலிருந்து எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்றால் 1.30க்கு முனையத்தில் இருக்க வேண்டும். பெட்டி போடும் கவுண்டர் பல நிறுவனங்களில் ஒரு மணி நேரம் முன்னரே மூடிவிடும். ரோட்டுக்கு இரண்டு மணி நேரம், டயர் பஞ்சரானால் மாற்ற அரை மணி. ஆக முந்தின நாள் இரவு 11 மணிக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். துபாய் நேரம் 7.15க்கு வந்து நின்று, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 8.15. அது நம் நேரம் 9.45. மொத்தம் 10 மணி 45 நிமிடம். இதில் விமானத்துக்குள் கழிந்தது நாலேகால். அப்பா சொன்ன "ஒரு ராத்திரி முழுக்க" கணக்கு பிசகவில்லை.

இடையில் மாறிப் போகும் டிக்கெட் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் அந்த நட்டம் உங்களுடையது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் அப்படி எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து மும்பை, டெல்லி வழியாகத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி போட வேண்டியிருக்கும். காகிதத்தில் ஒன்றரை மணி நேர இடைவெளி அழகாகத் தெரியும், அங்கே வரிசையில் நின்றால் தெரியும் அதன் லட்சணம். "டைரக்ட்" என்று எழுதியிருப்பதையும் நம்பிவிடாதீர்கள். வழியில் ஒரு ஊரில் இறங்கி, அதே விமான எண்ணில் தொடர்ந்தாலும் டைரக்ட்தான். எங்கும் நிற்காமல் போவது "நான்-ஸ்டாப்".

கூப்பிடப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான், திருப்பிப் போட்டது. காலை 4.00 வருகை என்றால் வாசலில் ஆள் தெரிய ஐந்து மணியாகும். மழைக்காலத்தில் ரன்வே சரியாகத் தெரியாவிட்டால் விமானம் வானத்தில் வட்டமடிக்கும். இல்லையென்றால் கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போய் இறங்கிவிட்டு மழை விட்டபின் வரும். அதற்குத் தேவையான எரிபொருளோடு, கடைசிக் கையிருப்பாக அரை மணி நேரத்துக்கானதும் எப்போதும் தொட்டியில் இருக்கும், அதனால் அந்தத் தாமதத்தில் பயப்பட ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது ஒன்றே: நாகர்கோவிலிலிருந்து வேன் எடுக்கும் முன், இரவு இரண்டரை மணிக்கு, விமானத்தைப் பின்தொடரும் செயலியில் அந்த விமானம் துபாயிலிருந்து உண்மையில் எத்தனை மணிக்கு எழும்பியது என்று பாருங்கள். எழும்பிய நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, மூன்றே முக்கால் மணி நேரம் கூட்டினால் இறங்கும் நேரம் கிடைக்கும். அது அரை மணி தள்ளியிருந்தால் நீங்களும் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.